குதிரைக்கு இசப்கோல்

சாடியின் அடியில் மறுபடியும் மணல் படிந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, அது என்ரை ஊறுகாய்ச் சாடி," என்றாள் நேசமலர்.

"இனி அது விஞ்ஞானச் சாடி," என்றார் அவள் கணவர், கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் சவுந்தரநாயகம்.

குதிரையின் லத்தியைத் தண்ணீரில் கரைத்து வைத்தால், அது தின்ற மணல் அடியில் தங்கும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். மணல் கூடினால் வயிற்றுக்குத்து வரும், குதிரை படுத்துவிடும். கடலோர வெள்ளவத்தையில் புல்லைவிட மணல்தான் அதிகம்.

அடுத்த மாதம் கவர்னர் மாளிகையில் தேநீர் விருந்து. ஜே.பி. என்ற சமாதான நீதவான் பட்டத்துக்குத் தகுந்தவர்களைக் கவர்னர் கண்ணால் பார்ப்பது அங்கேதான். சொந்தக் குதிரை வண்டியில் போய் இறங்கப்போவதாகச் சவுந்தரநாயகம் காலி வீதி முழுவதும் சொல்லி வைத்திருந்தார். குதிரை படுத்தால் றிக்‌ஷாதான். றிக்‌ஷாவில் வந்திறங்கிய எவருக்கும் பட்டம் கிடைத்ததாக அவர் அறியவில்லை.

வைத்தியர் மருந்தும் சொன்னார்: தீனியோடு இசப்கோல் விதை. வழுவழுவென்று ஊறி, மணலை வெளியே இழுத்துவிடுமாம்.

குதிரைக்காரன் பீற்றர் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். தமிழையும் சிங்களத்தையும் ஒரே வாயில் மெல்லுபவன். வேலைக்காரரோடு மூன்று சொல்லுக்கு மேல் பேசுவது கௌரவக் குறைவு என்பது சவுந்தரநாயகத்தின் கொள்கை.

"குதிரைக்கு. காலமை. இசப்கோல்." சில்லறையை நீட்டினார். "இது அதுக்குச் சல்லி."

பீற்றர் தலையைச் சொறிந்தான். "குதிரைக்கா, மாத்தயா?"

"பின்னை உனக்கோ?"

"சரி மாத்தயா. பெரிய வீட்டுக் குதிரைதானே."

ஒரு கிழமையில் சாடியில் மணல் கூடியது. லாயத்துக்குச் சீமெந்து போட்டார். கடற்கரைப் பக்கம் குதிரை தலைகாட்டக் கூடாதென்று உத்தரவிட்டார். மணல் இன்னும் கூடியது.

"இனிப் பின்னேரமும் இசப்கோல்."

"ரெண்டு நேரமுமா? பாவம், களைச்சுப் போகும் மாத்தயா."

"களைச்சால் களைக்கட்டும்."

மணல் இரண்டு விரற்கடை ஏறியது. குதிரை ஒரு நாள் முழுவதும் படுத்து உருண்டது.

"றிக்‌ஷாக்காரனுக்கு இப்பவே சொல்லி வைக்கட்டோ?" என்று நேசமலர் கேட்டாள். அவர் சாடியைத் தூக்கிக்கொண்டு லாயத்துப் பக்கம் போய்விட்டார்.

பிறகு, காரணம் ஏதுமின்றி, மணல் குறையத் தொடங்கியது. விருந்துக்கு முதல்நாள் சாடியின் அடியில் ஒரு பொட்டு மணல் இல்லை. குதிரை கனைத்தது. சவுந்தரநாயகம் பக்கத்து வீட்டுச் சண்முகலிங்கத்தை அழைத்து, சாடியை அவர் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"பாத்தீரோ? எல்லாம் இசப்கோலின்ரை வேலை. மருந்தைவிட, அதைக் குடுப்பிக்கிறவன்ரை ஒழுங்குதான் முக்கியம்."

சண்முகலிங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆமோதித்தார்.

சவுந்தரநாயகம் பீற்றர் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலமையும் இசப்கோல். தவறக் கூடாது."

பீற்றர் கையைப் பிசைந்தான்.

"எப்பிடி மாத்தயா? இஸ்கோல் லீவு விட்டு ஒரு கிழமையாச்சு. பிள்ளைகளும் இல்ல, சல்லிய வாங்கிட்டுக் குதிரைய அந்த மணல் கிறவுண்ட்ல மேய விடுற வாச்சரும் ஊருக்குப் போயிட்டான்."