தண்டர் டிபார்ட்மென்ட்டுக்கு நான்கு குமிழ்கள்

டிரம்மர் க்ளெமென்ட் ஓடம் குச்சிகளைப் பையில் போட்டுக் கோட்டையும் மாட்டிக்கொண்டுவிட்டார். தொப்பிதான் பாக்கி. தொப்பி தலையில் ஏறிவிட்டால் மனிதர் நேராகச் சொந்த ஊருக்கு, பிலடெல்ஃபியா ரயிலில்தான் போய் உட்காருவார் என்பது ஒலிப்பதிவாளர் மார்வின் கெஸ்லருக்குத் தெரியும்.

"என்ன ஆச்சு க்ளெம் அண்ணே? இப்பத்தானே பிரமாதமா வாசிச்சீங்க?"

"வாசிச்சேன். கேட்டுச்சா? டேப்பைப் போட்டுப் பாரு. முழுக்க அந்தத் தம்பியோட கிதார்தான். என் டிரம்ஸ் பக்கத்து வீட்டுல யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

கிதார்க்காரன் டெரிக் இங்கிலாந்துப் பையன். தோள்வரை முடி, ஒட்டிய வயிறு, மூன்று பேருக்குத் தேவையான வாய். அவன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னான்: "ஆணி அடிச்சாலும் தாளத்தோட அடிக்கணும் அண்ணே."

தொப்பி ஏறிவிட்டது.

மார்வின் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "அஞ்சு நிமிஷம் அண்ணே. ஒரு காபி குடிங்க. நான் சரி பண்றேன்."

அவர் மறித்ததற்குக் காரணம் இருந்தது. பதினைந்து வருடமாக மார்வின் பதிவு செய்ததெல்லாம் ஓட்டலில் சாப்பிடும்போது பின்னால் ஓடுகிற சங்கீதமும் சோப்பு விளம்பரமும்தான். அந்த வேலைக்குப் பெயர் போட மாட்டார்கள். போட்டாலும் மறைத்து வைத்துக்கொள்ளத்தான் தோன்றும். இந்த ஆண்டு, 1970 பிப்ரவரியில், கம்பெனி முதலாளி ப்ராடி இந்த நால்வரையும் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்று பேர் ஜாஸ் வாசித்துப் பழுத்தவர்கள், ஒருவன் ராக் மேடையில் வளர்ந்தவன். இரண்டையும் ஒரே பானையில் போட்டுப் பொங்கினால் என்ன ஆகும் என்று ஊரில் யாருக்கும் அப்போது தெரியாது. அந்த இசைத்தட்டைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்றுகூட யாருக்கும் தெரியாது. குழுவின் பெயர் தண்டர் டிபார்ட்மென்ட். அவர்கள் வாசித்தால் கீழே இருக்கும் பேக்கரியில் உப்பி வந்த மாவு அமுங்கிவிடும்.

மார்வினுக்கு இந்தச் சங்கீதத்தின்மேல் காதலே வந்துவிட்டது. ப்ராடியிடம் போய் வாயைத் திறந்து கேட்டார்: "அட்டையில என் பேரு வரணும்." ப்ராடி சிரித்துக்கொண்டே சரி என்றார். "தட்டு முடியட்டும். பேரு பின்னட்டையில, தனி வரியில. முடியலைன்னா உனக்கு மறுபடியும் சோப்புதான்."

மார்வினுக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு. நல்ல சங்கீதம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடினால் எங்கேயோ போய்விடுவார். சத்தத்தை ஏற்றி இறக்கும் போர்டின்மேல் இருக்கிற கையும் கூடவே போகும். ஒரு தடவை அப்படிப் போய்த் திரும்பி வருவதற்குள் ஓட்டலுக்கான இசைத்தட்டு ஒன்றில் ஒரு பக்கம் முழுக்க வயலின்கள் காணாமல் போயிருந்தன. வாங்கியவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

காபி ஆறுவதற்குள் அவர் கருவிகளைப் பழுது பார்க்கிற டூயி ஸ்பிவாக்கின் அறைக்கு ஓடினார். தொந்தியும் தொழிலும் ஒருசேர வளர்ந்த ஆள் டூயி. இறைச்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"டூயி, டிரம்மருக்கு அவர் சத்தம் கேக்கலையாம். ஏத்தினா கிதார்க்காரன் கிளம்பிடுவான். என்ன பண்றது?"

"வால்யூம் குமிழு ஒண்ணை அவர் கையில குடுங்க பாஸ். அவரே ஏத்திக்கட்டும்."

"ஐயோ, குடுத்தா முடிஞ்சது கதை."

"நிஜக் குமிழா குடுக்கச் சொன்னேன்?" டூயி விரலைத் துடைத்துக்கொண்டான். "ஒரு பெட்டி, ஒரு குமிழு. உள்ள ஒண்ணும் கிடையாது. இதென்ன, நான் பண்ணாத வேலையா?"

இதை வேறு யாருக்குச் செய்தாய் என்று மார்வின் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

க்ளெமென்ட் பெட்டியை முக்காலிக்குப் பக்கத்தில் வைத்துக் குமிழைப் பாதிவரை திருகினார். வாசித்தார். உள்ளே வந்து டேப்பைக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"இதைத்தான் சொன்னேன். இப்ப எப்படி இருக்கு? ஆளு வந்து முன்னால நிக்கிறான்."

தொப்பி இறங்கியது. மார்வின் அன்று வீட்டுக்குப் போகும்போது ரயிலில் விசில் அடித்தார்.

மறுநாள் காலையில் ஆர்கன் வாசிக்கும் லூஷியஸ் ஃபார் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு வந்தார். சர்ச்சில் வளர்ந்தவர், குரல் உயராது.

"மார்வின், க்ளெம் காலடியில ஒரு பெட்டி இருக்கே, அது என்ன?"

"அது... வால்யூம்."

"அப்படியா. ஆர்கன் டிரம்ஸைவிடப் பெருசுன்னு உனக்கே தெரியும்."

லூஷியஸுக்கு இன்னும் பெரிய பெட்டியாகச் செய்து கொடுத்தார்கள். டெரிக் தன் பெட்டியில் விளக்கு எரிய வேண்டும் என்றான். விளக்கைப் பார்த்த க்ளெமென்ட், மூத்தவனுக்கு இல்லாத விளக்கு இளையவனுக்கு எதற்கு என்று கேட்டார். டூயி எல்லாப் பெட்டிக்கும் சிவப்பு விளக்கு வைத்தான்.

பாஸ் கிதார் வாசிக்கும் யூஸ்டஸ் பெல் மட்டும் தலையை ஆட்டிவிட்டார். "எனக்கு வேணாம்ப்பா. நான் வாசிக்கிறது காதுல விழலைன்னாலும் வயித்துல விழும்."

அதில்தான் வினை வந்தது. மற்ற மூன்று பேரும் கூடிக் கூடிப் பேசினார்கள்.

"அவனுக்கு ஏன் வேண்டாம்?" என்றார் க்ளெமென்ட். "ஏற்கெனவே தூக்கி வச்சிருப்பாங்க. அதான் வேண்டாங்கிறான்."

மார்வின் யூஸ்டஸைத் தனியாக அழைத்துக் கெஞ்சினார். "ஒரு பெட்டி வாங்கிக்கங்க. புண்ணியமாப் போகும்."

"உனக்காக வாங்கிக்கறேன்." யூஸ்டஸ் பெட்டியைக் காலடியில் வைத்து அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார். விளக்கு நல்ல விளக்கு, காபி சூடாகவே இருந்தது.

இரண்டு நாள் தேவலோகம். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லூஷியஸ் யாரும் பார்க்காதபோது க்ளெமென்ட்டின் குமிழைக் கொஞ்சம் கீழே திருகிவிட்டார். சர்ச்சில் வளர்ந்தவர் என்பதால் கொஞ்சம்தான்.

சாப்பிட்டு வந்து வாசித்தார்கள். டேப்பைக் கேட்ட க்ளெமென்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"என் டிரம்ஸ் செத்துப்போச்சு. யாரோ கைவச்சிருக்கான்."

"ஆமா, கம்மியாத்தான் இருக்கு," என்றான் டெரிக், கண்ணில் தூசு விழுந்தவன்போல் லூஷியஸைப் பார்த்துக்கொண்டே.

உண்மையைச் சொல்ல வேண்டும். மார்வினுக்கும் கம்மியாகத்தான் கேட்டது. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்த மனிதர் அவர். ஆனாலும் டிரம்ஸ் மங்கித்தான் போயிருந்தது. அவர் தன் போர்டில் அதை ஒரு மயிரிழை ஏற்றினார். உடனே நிமிர்ந்தது. கைத்திறமை என்பது இதுதான் என்று அவருக்குத் தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

சமாதானம் செய்வதாக நினைத்துக் குமிழ்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். இந்தக் கோட்டைத் தாண்டி யாரும் திருகக் கூடாது. அதற்கப்புறம் சண்டை கோட்டுக்கு மாறியது. டெரிக்கின் கோடு ஒரு நூல் மேலே இருப்பதாக லூஷியஸ் சொன்னார். க்ளெமென்ட் ஊரிலிருந்து தன் மனைவியை வரவழைத்துக் குமிழுக்குக் காவல் வைத்தார். அந்த அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே குமிழைப் பார்த்தபடி இருந்தாள். அதனால் டெரிக் தன் காதலியை அழைத்து வந்தான். அந்தப் பெண்ணுக்குப் பின்னத் தெரியாது, ஆகையால் பேசினாள். தட்டின் ஒரு பக்கத்துக்கான சங்கீதம் எப்படியோ பதிவாகியது. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே நீண்ட உருப்படி. 'மெதுவாய் ஏறும் லிஃப்ட்' என்று பெயர். அதைத் தொடக்கூட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ப்ராடி வந்தார். பார்த்தால் நான்கு பேரும் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்கள். யூஸ்டஸ்கூட.

"நீங்களுமா?" என்றார் மார்வின்.

"என் பெட்டியை எவனோ திருகிட்டான். காபி சிந்திடுச்சு," என்றார் யூஸ்டஸ்.

ப்ராடி மார்வினை ஓரமாக அழைத்தார். "இன்னிக்கு அந்த லிஃப்டு ஏறணும். இல்லன்னா இந்தக் குழு இன்னியோட கலைஞ்சது, அட்டை அச்சுக்குப் போகாது. உன் பேரும்தான்."

மார்வினுக்குப் பதினைந்து வருடச் சோப்பு மொத்தமும் தொண்டைக்கு வந்தது. அவர் கூடத்துக்குள் போய் நடுவில் நின்றார். எப்போதும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மைக்கில் பேசுகிறவர் இப்படி நேரில் வந்து நின்றதில் நால்வருக்கும் ஆச்சரியம்.

"எல்லாரும் குமிழை முழுசாத் திருகிடுங்க," என்றார். "கோடு கிடையாது. கடைசிவரைக்கும் திருகுங்க. அதுக்கு மேல உங்களாலயும் ஏத்த முடியாது, அடுத்தவனாலயும் ஏத்த முடியாது. மிச்சத்தை என்கிட்ட விட்டுடுங்க. நான் பாத்துக்கறேன். என்னை நம்புங்கய்யா."

அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. க்ளெமென்ட் கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். நான்கு குமிழ்களும் கடைசிவரை திரும்பி நின்றன.

மேலே கூரைக் கண்ணாடியில் பனி விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பாலில் தண்ணீர் கலந்ததுபோல் இறங்கியது. டேப் ஓடத் தொடங்கியது.

க்ளெமென்ட் குச்சியை எடுக்கவே இல்லை. கம்பித் தூரிகையால் தோலைத் தடவினார், தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி. லூஷியஸின் ஆர்கன் எங்கிருந்து ஆரம்பித்தது என்றே தெரியவில்லை, பார்க்கும்போது அறை முழுக்க இருந்தது. யூஸ்டஸ் கீழ்ச் சுரங்களில், விளக்கில்லாத சொந்த வீட்டில் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடக்கிறவர்போல் நடந்தார். வாயாடி டெரிக் வெகுநேரம் ஒன்றும் வாசிக்காமல் மற்ற மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரே ஒரு சுரம். அதை விடாமல் வைத்துக்கொண்டு நின்றான்.

மார்வின் கண்ணை மூடினார். லிஃப்ட் ஏறியது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூடியது. ஒரு மாடியில் மழை, ஒரு மாடியில் யாருமில்லாத நடன அரங்கு, இன்னொன்றில் அவருடைய அம்மா ஜன்னலோரம் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவர் கை போர்டில் மிதந்தது. இடது கையை உயர்த்தினார், ஆர்கன் உயர்ந்தது. வலது கையைத் தாழ்த்தினார், கிதார் தணிந்து வழிவிட்டது. இத்தனை நாள் சோப்புக்குப் பாடிய கைகள் இவை என்று அவரே நம்பவில்லை. கடைசி மாடி வரும்போது இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கினார். நான்கு பேரும் ஒரே நொடியில் வெடித்தார்கள். கண்ணாடி நடுங்கியது, டேப் மெஷினின் அளவு முட்கள் சிவப்பில் போய் மோதின, க்ளெமென்ட்டின் மனைவி ஸ்வெட்டரில் ஒரு பின்னலைத் தவறவிட்டாள். மார்வினின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை, கை வேலையாக இருந்தது.

முடிந்ததும் பார்த்தால், கதவருகில் பேக்கரிக்காரர் மாவுக் கையோடு நின்றிருந்தார். சண்டை போட வந்தவர் எதற்கு வந்தோம் என்று மறந்துபோய் நின்றார்.

டேப்பைக் கேட்டார்கள்.

"என் டிரம்ஸ்தான் தூக்கலா இருக்கு," என்றார் க்ளெமென்ட், பெருந்தன்மையாக.

"கிதார் கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்றான் டெரிக். "இருந்துட்டுப் போகட்டும்."

"ஆர்கன் எல்லாரையும் மூடிடுச்சு, மன்னிச்சிருங்க," என்றார் லூஷியஸ்.

யூஸ்டஸ் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

வசந்தத்தில் தட்டு வெளிவந்தது. கடைக்காரர்கள் அதற்கென்று தனி அலமாரியே ஒதுக்கினார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர், இவ்வளவு பலம் பொருந்திய நான்கு பேர் ஒருவரை ஒருவர் மிதிக்காமல் வாசிப்பதைத் தாம் கேட்டதில்லை என்றும், அதற்குப் பதிவு செய்தவரின் காதுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றும் எழுதினார். பின்னட்டையில் தனி வரியில் 'ஒலிச் சமநிலை: மார்வின் கெஸ்லர்' என்று இருந்தது. மார்வின் அட்டையைக் கைப்பெட்டியில் வைத்துக்கொண்டு திரிந்தார். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தபடியே மணி கேட்டார்.

தண்டர் டிபார்ட்மென்ட் ஊர் ஊராகப் போய்விட்டது. கூடம் காலியாகக் கிடந்தது. மார்வின் போர்டுக்கு முன் உட்கார்ந்து, முழங்கையை அதன்மேல் வைத்து, 'மெதுவாய் ஏறும் லிஃப்ட்' உருப்படியை மறுபடியும் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். டூயி திருப்புளியோடு வந்தான்.

"அந்த டம்மிப் பெட்டிங்களையெல்லாம் கழட்டிடு டூயி. திங்கக்கிழமை பற்பசை விளம்பரக்காரங்க வர்றாங்க. பாத்தா அவங்களும் கேப்பாங்க." மார்வின் சிரித்தார். "பாவம்யா அந்த நாலு பேரும். ஒண்ணுமில்லாத குமிழைத் திருகிட்டு என்னமா நம்பினாங்க."

டூயி சிரிக்கவில்லை. திருப்புளியால் காதைச் சொறிந்தான். "நாலு மட்டும் போதுமா பாஸ், இல்ல அஞ்சையும் கழட்டிடவா?"

"அஞ்சாவது எது?"

"கொஞ்சம் முழங்கையை எடுங்க," என்றான் டூயி. "நீங்க கண்ணை மூடினா கை தன்னால ஏறுதுன்னு முதல் நாளே ப்ராடி உங்க போர்டோட ஒயரை வெட்டிடச் சொல்லிட்டாரு, பசங்க வாசிச்சது வாசிச்சபடியேதான் டேப்புல இருக்கு."