என் பாட்டில் அம்மா பேசியது

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங் செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். மைக் வாங்கிய நாளிலிருந்து வீட்டில் இருக்கும் மனிதர்கள் எல்லாரும் வெறும் சத்தமாகத் தெரிய ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த வியாதி முப்பத்திரண்டு வயதில் வந்தது. குக்கர் ஒரு சத்தம், தண்ணி மோட்டார் ஒரு சத்தம், அப்பாவின் இருமல் ஒரு சத்தம். என் மனைவி ஸ்டெல்லா "சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவதும் சத்தம்தான். (அது மட்டும் இனிமையான சத்தம். அவள் இதைப் படிப்பாள்.)

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாட்டுக்குழுவில் கிடார் வாசிப்பேன். யாரும் தடுக்காவிட்டால் பாடவும் செய்வேன். மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், இணையத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் வீட்டையே ஸ்டூடியோவாக மாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதில் ஒருவர் தன் முகத்தைக் காட்டவே மாட்டார். கைகள் மட்டும்தான் வரும். துணி நிறைந்த அலமாரி முன்னால் உட்கார்ந்து பாடினால் எதிரொலியே வராது, பெரிய ஸ்டூடியோ தோற்றுவிடும் என்று அந்தக் கைகள் சொல்லின. நம்பினேன்.

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுச் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அதனால் நடு அறையில் இருந்த பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, என் முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிறுத்தி, புடவைகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து பாடுவேன். உள்ளே மின்விசிறிக் காற்று வராது. வேர்வையும் அந்துருண்டை வாசனையும்தான். பீரோவுக்கு நேர் மேலே சுவரில் ஒரு காற்றுத் துவாரம் இருந்தது. அந்தப் பக்கம் எங்கள் சமையலறை. ஊர்ச் சத்தத்தை எல்லாம் மெத்தையால் அடைத்த நான், ஒருநாளும் தலையைத் தூக்கி அதைப் பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போது என் தங்கை செசிலிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஜெரால்டு, தவளக்குப்பத்துப் பையன். அவனுடைய அம்மா அந்தோணியம்மா அங்கே மெயின் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நிச்சயதார்த்தமும் விருந்தும் அவர்கள் வீட்டில்தான் நடந்தன. ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது போடுவதற்கு நானே ஒரு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடித் தருவதாக அறிவித்தேன்.

"அண்ணே, சினிமா பாட்டே போதும்ணே" என்றாள் செசிலி.

"ஊரே போடற பாட்டா என் தங்கச்சிக்கு?"

"ஊரே போடட்டும்ணே. பரவால்ல."

அவள் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு எழுத மூன்று வாரம் ஆனது. ஒரு சரணம், பிறகு வெறும் கிடார் மட்டும் இருபத்தெட்டு நொடி, பிறகு இன்னொரு சரணம். அந்த இருபத்தெட்டு நொடியில் கிடாரை மிக மெல்ல மீட்டி, ஒவ்வொரு சுரமாக விட்டு விட்டு வாசித்திருந்தேன். மணப்பெண் கால் எடுத்து வைப்பது போல இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தது. அதுதான் பாட்டுக்கே உயிர் என்று நான்கு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் ரெக்கார்டிங். அரை மணி நேரத்துக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அப்பா டீக்கடைக்குப் போய்விட்டார். அம்மாவும் ஸ்டெல்லாவும் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் மெத்தைக்கும் பீரோவுக்கும் நடுவே உட்கார்ந்து, உருகி, பாடி முடித்தேன்.

போட்டுக் கேட்டபோது, கிடார் வரும் இடத்தில் ஏதோ குசுகுசுவென்று கேட்டது. தெருவில் யாரோ போகிறார்கள் போல என்று விட்டுவிட்டேன். ஆனாலும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

கல்யாணத்தன்று மதியம்தான் இணையத்தில் அந்தத் தளம் கண்ணில் பட்டது. நம் ரெக்கார்டிங்கைக் கொடுத்தால் போதும். மற்ற சத்தங்களை எல்லாம் எடுத்துவிட்டு, மனிதக் குரலை மட்டும் தேடிப் பிடித்து, ஸ்டூடியோவில் பாடியது போலத் தூக்கிக் கொடுக்குமாம். எல்லாரும் பூவுக்கும் கேக்குக்கும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மொட்டை மாடியில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் பாட்டு வந்தது. கேட்டேன்.

எனக்கே நம்ப முடியவில்லை. ரேடியோவில் வருகிற குரல் போல இருந்தது. கிடார் நன்றாக உள்ளே அமுங்கி, என் குரல் மட்டும் முன்னால் வந்து நின்றது. (அதுதான் நியாயம் என்றும் தோன்றியது.) முதல் சரணத்தை மறுபடி கேட்டேன். மறுபடியும். மொத்தம் பதினொரு தடவை கேட்டேன் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சரணம் முடிந்ததும் முதலிலிருந்து போட்டேன். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

"என்னங்க, வேன் வந்துடுச்சு. இன்னும் ஷேவிங்கூட பண்ணல நீங்க" என்று ஸ்டெல்லா படியிலிருந்து கத்தினாள். பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன்.

சாயந்திரம் கோயிலில் தாலி கட்டி முடிந்து, ஏழு மணிக்குக் கருவடிக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். மைக்செட் போட்டிருந்தவர் பெயர் ஏழுமலை. நிதானமான மனிதர். அவர் கையில் பென்டிரைவைக் கொடுத்து, ஒரு கலைஞனுக்கு உரிய கண்டிப்போடு பேசினேன்.

"அண்ணே, பாட்டு முழுசா ஓடணும். நடுவுல ஒரு இடத்துல அமைதியாயிடும். பாட்டு நின்னுபோச்சுன்னு நெனச்சு ஆஃப் பண்ணிடாதீங்க. அதுதான் முக்கியமான எடம்."

"நீங்க கவலப்படாதீங்க தம்பி. நான் பாத்துக்கறேன்."

விளக்கை அணைத்தார்கள். வாசலில் செசிலியும் ஜெரால்டும் நின்றார்கள். என் பாட்டு ஆரம்பித்தது. தலைகள் திரும்பின. "யார் பாடறது?" என்று முன் வரிசையில் ஒரு அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. ஸ்டெல்லா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். மேடையில் என் பெற்றோரும் அந்தோணியம்மாவும் கேக்குக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். மாப்பிள்ளையின் பிரான்ஸ் மாமா செல்போனை உயரத் தூக்கி, பாரிசில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தார். நான் மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அடக்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

சரணம் முடிந்தது. கிடார் வரவில்லை. மெல்ல வாசித்ததை எல்லாம் இரைச்சல் என்று நினைத்து அந்தத் தளம் துடைத்து எடுத்துவிட்டிருந்தது. மண்டபமே அமைதியாக இருந்தது. பிறகு, செய்தி வாசிப்பது போல அவ்வளவு தெளிவாக, நான்கு பெரிய ஸ்பீக்கர்களிலும் என் அம்மாவின் குரல் வந்தது.

"மட்டன் பிரியாணின்னு சொன்னாங்க ஸ்டெல்லா. நானும் நிச்சயதார்த்தத்தன்னைக்குக் கிளறிக் கிளறிப் பாத்தேன். அதுல மட்டன் எங்கடி இருந்துச்சு?"

"மெதுவா பேசுங்கத்தே. ரெக்கார்டிங் நடக்குது." இது ஸ்டெல்லா.

"மெதுவாத்தான் பேசறேன். அந்த சம்மந்தியம்மாவுக்குத்தான் மெதுவான்னா என்னான்னே தெரியாது. எவ்ளோ பருப்பு வேணும்னு கடையில நின்னு கேட்டாங்கன்னா, ரோட்டுல போற கடலூர் பஸ்ஸு நின்னுடும்."

ஸ்டெல்லா சிரிக்கும் சத்தம். வெங்காயம் பாத்திரத்தில் விழும் சத்தம்கூடக் கேட்டது. குரலை மட்டும் எடுப்பதாகச் சொன்ன தளம் அதை ஏன் விட்டுவைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இதற்குள் நான் ஓட ஆரம்பித்துவிட்டேன். மேடைக்கும் மைக்செட்டுக்கும் நடுவே மண்டபம் முழுக்க நாற்காலி. ஒரு பெரியவரின் காலை மிதித்தேன். ஒரு குழந்தையின் பலூனை உடைத்தேன். ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்து, கட்டை விரலை உயர்த்தி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

"செசிலி பாவம்டி" என்றது அம்மாவின் குரல், ஏற்றிய சத்தத்தில். "கட்டிக்கினு போயிட்டா இவன் பாட்டைக் கேக்க வேணாம்னுதான் சட்டுனு சரின்னு சொல்லிட்டா போல."

நான் போய்ச் சேர்ந்தபோது என் இரண்டாவது சரணம் ஆரம்பித்திருந்தது.

"நிறுத்துங்கண்ணே!"

"நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அந்த எடத்துல சத்தம் கம்மியா இருந்துச்சு. ஏத்தி வுட்டுட்டேன்."

பாட்டு நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்கள். செசிலி பூச்செண்டால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். ஜெரால்டின் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா, கோபமா என்று தெரியவில்லை. அம்மா மூன்றடுக்குக் கேக்குக்குப் பின்னால் மறைய முயன்றுகொண்டிருந்தார். கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது, இனி கேன்சல் செய்ய முடியாது என்பது ஒன்றுதான் அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஆறுதல். ஆனால் செசிலி நாளைக்கு அந்த வீட்டில் போய் வாழ வேண்டுமே என்று அடுத்த நொடியே நினைப்பு வந்தது. அந்த நினைப்பை இன்றைக்கும் என்னால் சிரிப்போடு சொல்ல முடியவில்லை.

அந்தோணியம்மா மேடையில் நாலு எட்டு வைத்து என் அம்மாவின் முன்னால் வந்து நின்றார். மைக்கை எடுக்கவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

"சம்மந்தி. அன்னைக்கு மட்டன் இல்லன்றது எனக்குந்தான் தெரியும். நாப்பது பேரு வருவோம்னு சொன்னீங்க. அறுபத்தாறு பேரு வந்தீங்க. வந்தவங்களுக்கெல்லாம் எலை போட்டாச்சு. கறிக்கு நான் எங்க போவேன்?"

அம்மா கேக்குக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "அறுபத்தாறா? நாங்க நாப்பது பேருக்குத்தான சொல்லியிருந்தோம்."

"வேன்ல முப்பத்தொம்போது. அப்புறம் தனியா ஒரு கூட்டம் வந்துச்சே, வயசானவங்களா. எல்லாம் மில்லுல ஒண்ணா வேல செஞ்சவங்கன்னு சொன்னாங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். பஞ்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா, மண்டபத்தின் மின்விசிறியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா வாங்கடான்னு சொன்னேன்" என்றார் மெதுவாக. "வந்துட்டானுங்க."

முதலில் சிரித்தது அந்தோணியம்மாதான். தாங்க முடியாமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. ஜெரால்டு அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தான். ஏழுமலை அண்ணன் யாரும் சொல்லாமலேயே ஒரு சினிமா பாட்டைப் போட்டார். என் தங்கை அதற்கு நடந்து வந்து மேடை ஏறினாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் ஐஸ்கிரீம் வைத்திருந்த மேஜைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பிரான்ஸ் மாமா என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். "பாரிசுல எல்லாரும் 'பிஸ், பிஸ்'னு கத்தறாங்கப்பா" என்றார். மறுபடியும் போடு என்று அர்த்தமாம். பாட்டையா, அம்மா பேசியதையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஸ்டெல்லா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சிரித்தது ஊருக்கே கேட்டுவிட்டதே என்று அவளுக்கு வருத்தம். அம்மா, தான் மெதுவாகத்தான் பேசியதாக இன்றும் சொல்கிறார். மறுவீட்டுக்கு வந்த செசிலி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, உன் பாட்டைக் கேக்க வேணாம்னு ஒண்ணும் நான் சரின்னு சொல்லலண்ணே" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி, "ஆனா அதுவும் ஒரு காரணம்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து அந்தோணியம்மாவே எனக்குப் போன் செய்தார். அந்த இடத்தை மட்டும் வெட்டி அனுப்ப முடியுமா என்று கேட்டார். நான் பாடியதையோ வாசித்ததையோ யாரும் இதுவரை கேட்டு வாங்கியதில்லை. உடனே அனுப்பினேன். அதை அவர் என் அம்மாவின் எண்ணுக்கு ரிங்டோனாக வைத்துக்கொண்டார். அதனால் அம்மா போன் செய்யும்போதெல்லாம் தவளக்குப்பத்து மளிகைக் கடையில் "அதுல மட்டன் எங்கடி இருந்துச்சு?" என்று கேட்கும். வாடிக்கையாளர்களுக்கு இப்போது பழகிவிட்டது.

போன வருஷம் செசிலியின் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். வழியில் அப்பா டீ குடிக்க நின்றதால் அவரும் அம்மாவும் வரத் தாமதமானது. கோயிலில் எல்லாரும் எழுந்து நிற்க, ஃபாதர் கையில் தண்ணீரை எடுத்துக் குழந்தையின் தலைக்கு மேல் கொண்டுபோன நேரத்தில், எந்த வழியாக உள்ளே வருவது என்று கேட்பதற்காக அம்மா சம்மந்திக்குப் போன் செய்தார். அந்தோணியம்மாவின் கைப்பையிலிருந்து அம்மாவின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. ஃபாதரின் கை அப்படியே நின்றது. அந்தோணியம்மா பையைத் தலைகீழாகக் கொட்டிப் போனைத் தேடி அணைப்பதற்குள் கடலூர் பஸ் வரைக்கும் ஓடிவிட்டது.

ஃபாதர் ஞானஸ்நானத்தை முடித்தார். வெளியே வந்து போட்டோ எடுக்கும்போது எங்கள் பக்கம் திரும்பினார். "அந்த ரெக்கார்டிங் ரொம்ப க்ளியரா இருக்கே. யாரு பண்ணது? நம்ம பாட்டுக்குழுவுக்கும் ஒரு கேசட்..." அவர் பழைய ஆள், கேசட் என்றுதான் சொன்னார். நான் கையைத் தூக்கினேன். அவர் சொல்லி முடிப்பதற்குள், குழந்தையைத் தவிர அங்கே நின்ற என் குடும்பம் மொத்தமும் ஒரே குரலில் சொன்னது:

"வேணாம் ஃபாதர்!"