நாலேகால் வரைக்கும் நல்ல நேரம்

“காவ்யா, கொஞ்சம் இங்கிட்டு நகரு. ஒந்தலைக்குப் பின்னால டீச்சரோட கல்யாணப் போட்டோ தெரியுது!”

“நான் எங்கிட்டு நகந்தாலும் அவங்கதாம்ப்பா தெரியுறாங்க. இது அவங்க வீடு!”

ஆண்டியப்பன் ஓடிப்போய்ப் போட்டோவைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். சொந்த வீட்டில் சுவர் பெயர்ந்திருந்தது, நெட்டும் கிடைக்காது. ஆகவே எதிர்வீட்டு ராஜலட்சுமி டீச்சரிடம் ஹாலையும் சோபாவையும் வைஃபையையும் ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டிருந்தார். இதை ஏமாற்று என்று அவர் நினைக்கவில்லை. எதிர்வீடும் நம்ம தெருதானே!

காவ்யாவுக்கு வந்த மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. இது நான்காவது. பக்கத்து ஊர் முத்துராஜின் மகன் பிரசாந்த், சிங்கப்பூரில் வேலை. “பையனுக்குத் தையிலதான் லீவு. இப்ப வீடியோ கால்ல பாத்து சரின்னுட்டான்னா, வெள்ளிக்கிழமையே பூ வச்சு உறுதி பண்ணிருவோம்” என்று முத்துராஜ் சொல்லியிருந்தார். நாள்காட்டிப்படி ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் மூன்றேகாலிலிருந்து நாலேகால் வரை. அதில் அரை மணி நேரத்தைப் போட்டோ தின்றுவிட்டது.

ஒருவழியாக அழைப்பு வந்தது. திரையில் பிரசாந்த் சிரித்தான். அவனுக்குப் பின்னால் நாற்பது மாடிக் கட்டடங்கள் வரிசையாக நின்றன. அவன் தலையை ஆட்டும்போதெல்லாம் ஒரு காது மறைந்து மறைந்து வந்தது. சிங்கப்பூர் வெளிச்சம் அப்படி என்று ஆண்டியப்பன் பெருமையாக நினைத்துக்கொண்டார்.

“இங்க மணி ஆறரையாச்சு மாமா. சரியான வேலை” என்றான் மாப்பிள்ளை. பிறகு காவ்யாவிடம் கேட்டான். “சமைக்கத் தெரியுமாங்க?”

காவ்யா வாயைத் திறந்தாள். மின்விசிறி நின்றது. வைஃபை விளக்கு அணைந்தது. பிரசாந்த் அரைக்கண் மூடியபடி உறைந்து, பிறகு காணாமலே போனான்.

“கரண்டு போற நேரமாய்யா இது!” என்று ஆண்டியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

மனைவி பொன்னுத்தாய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏங்க, சமைக்கத் தெரியுமான்னு கேட்டதும் போனைக் கட் பண்ணிட்டோம்னுல நெனைப்பாங்க! திமிரு புடிச்ச குடும்பம்னு பேராயிரும்.”

அது நியாயமான பயம்தான். ஆண்டியப்பன் மொட்டைமாடிக்கு ஓடினார்; தாயும் மகளும் பின்னாலேயே ஓடினார்கள். தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு ரிங்கே போகவில்லை. முத்துராஜின் எண்ணோ ஓயாமல் பிஸி. சரி, குரல் பதிவு அனுப்புவோம் என்று ஆரம்பித்தார்.

“மாப்ளே, தப்பா எடுத்துக்காதீங்க, கரண்டு போயிருச்சு. எம்பொண்ணு நல்லாச் சமைக்கும்...”

“பொய் சொல்லாதீங்கப்பா, வெந்நி வைக்கத்தான் தெரியும்!” என்ற காவ்யாவின் குரலோடு சேர்ந்தே அது போய்விட்டது.

பதறிப்போய் அழித்தார்.

“ஏன் அழிச்சீங்க?” பொன்னுத்தாய் எகிறினாள். “என்னமோ வஞ்சு அனுப்பிட்டு அழிச்ச மாதிரில இருக்கு! ஒரு கும்பிடாவது போடுங்க.”

கும்பிடும் கையைத் தேடிய ஆண்டியப்பனின் விரல் பக்கத்தில் பட்டது. எரியும் குத்துவிளக்கோடு ‘ஆழ்ந்த இரங்கல்’ ஸ்டிக்கர் போய்ச் சேர்ந்தது. அதையும் அழித்தார். இப்போது அழித்தது இரண்டு.

காவ்யா போனை வாங்கிப் பார்த்தாள். “ஒத்த டிக்குதாம்ப்பா விழுது. ரிங்கும் போகல. பிளாக் பண்ணிட்டாரு.”

“பிளாக்குன்னா?”

“ஒங்க சங்காத்தமே வேணாம்னு அர்த்தம்.”

ஆண்டியப்பனுக்குக் கண் கலங்கியது. நான்காவதும் போயிற்று, மகளுக்கு ஒரு நல்லது நடக்க விடாமல் இந்தப் பாழாய்ப்போன போன் அல்லவா நடுவில் நிற்கிறது! மணி நாலு ஐந்து. பத்து நிமிடம் மிச்சமிருந்தது. தெருமுனையில் லைன்மேன் கண்ணன் கம்பத்தில் ஏறி, கம்பியில் விழுந்த தென்னமட்டையை இழுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

“கண்ணா, ஒனக்குப் புண்ணியமாப் போகும், சீக்கிரம் விடுப்பா! முத்துராஜு மகன் போன்ல பொண்ணு பாக்குறப்ப கரண்டு போயிருச்சு. எம்மக வாழ்க்கைப்பா!”

கண்ணன் கம்பத்து உச்சியிலிருந்து எரிச்சலோடு எட்டிப் பார்த்தான்.

“நீங்களுமாண்ணே? ஒரு மட்டை விழுந்து ரெண்டு ஊருக்கும் லைன் போச்சு, நான் என்ன பண்ண? முத்துராஜண்ணன் போன் மேல போன் போட்டு உயிரை வாங்குறாரு. பத்தாததுக்கு அந்தப் பிரசாந்துப் பயலே இப்பத்தான் பைக்குல வந்து கத்திட்டுப் போறான்!”