ஒரிஜினல் ராவுத்தரின் பனி வண்டி

1979 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். குளியல், இரண்டு இட்லி, ஒரு டம்ளர் காப்பி. பிறகு ஞாயிறுதோறும் செய்வதுபோல என் பதினான்கு டைரிகளையும் சுவர்ப் பலகையிலிருந்து இறக்கித் துடைத்தேன். வழக்கமாக அவற்றைத் திரும்ப அடுக்கிவிடுவேன். அன்று அடுக்கவில்லை. பலகையையே சுவரிலிருந்து கழற்றி, பழைய போர்வை ஒன்றில் சுற்றி, எட்டே காலுக்கு எதிர்ப்புறம் இருந்த ஒரிஜினல் ராவுத்தரின் பட்டறைக்குப் புறப்பட்டேன். பலகையை அவரிடம் கொடுத்தால் என் வேலை போகும். கொடுக்காவிட்டால் என் டைரியில் பொய் எழுத வேண்டி வரும்.

மட்டாஞ்சேரியில் உலகத்தையே சந்தேகித்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அது ராவுத்தர்தான். என்னையும் சேர்த்தால் இரண்டு பேர். பாலக்காட்டுக்காரர். இளமையில் கப்பல்களில் எஞ்சின் அறை வேலை. பிறகு பஜார் ரோட்டில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை. எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் முகர்வார், பிறகு சுண்டுவார், பிறகு கேட்பார்: "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" பல்பு, மாத்திரை, அயிலை மீன், எதற்கும் விதிவிலக்கில்லை. வாக்காளர் பட்டியலோடு வந்த அதிகாரியிடம் பட்டியல் ஒரிஜினலா என்று கேட்டார். காப்பி என்று அவர் சொன்னதும், "அப்ப நானும் ஒரு காப்பியத்தான் அனுப்புவேன். ஒரிஜினல் நான் வீட்ல இருப்பேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மகள் நிச்சயதார்த்தத்தின்போது மாப்பிள்ளையைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, "வாயத் திறங்க தம்பி. முன்பல்லு ரெண்டும் ஒரிஜினலா?" என்றார். மாப்பிள்ளை, "ஒண்ணு கட்டினது மாமா, பந்து பட்டுப் போச்சு" என்றார். ராவுத்தர் முகம் மலர்ந்துவிட்டது. "போதும். டூப்ளிகேட் இருக்கறது தப்பில்ல. டூப்ளிகேட்ட ஒரிஜினல்னும் ஒரிஜினல டூப்ளிகேட்னும் சொல்றதுதான் ஹராம். பிரியாணி எடுத்து வைங்க."

இந்த மனிதர்தான் பனியில் ஓடும் வண்டியை வாங்கினார்.

நான் வெலிங்டன் தீவில் ஒரு தனியார் கிடங்கில் குமாஸ்தா. யாரும் வந்து கேட்காத சரக்குகளுக்குப் பட்டியல் எழுதுவது என் வேலை. ஒருமுறை வேறெங்கோ போக வேண்டிய பெட்டி ஒன்று எங்களிடம் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் உடைந்திருந்தது. உள்ளே ஸ்கூட்டர் மாதிரி இருக்கை, கைப்பிடி, எஞ்சின், அடியில் அகலமான ரப்பர் பட்டை; முன்னால் வளைந்த மரக்கட்டை ஒன்று. பனியை நான் காலண்டரில் மட்டுமே பார்த்தவன். ஆகவே பட்டியலில் இப்படி எழுதினேன்: "ஸ்கூட்டர் 1. சக்கரங்கள் இல்லை. களவு போயிருக்கலாம்." அந்தச் சக்கரங்களைப் பற்றி இரண்டு மாதம் விசாரணை நடத்தினேன். மூன்று காவலாளிகள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

நாலு வருஷம் கழித்து அதை ஏலத்தில் விட்டபோது ராவுத்தர் எடுத்தார். கைவண்டியில் ஏற்றும்போதே என்னிடம் சொன்னார்: "இது பனிமேல ஓடற வண்டி, சாரே. வடக்க ஒரு துறைமுகத்துல பாத்திருக்கேன். பழைய மாடல். எனக்கு ஓட்டிப் பாக்கணும்."

"மட்டாஞ்சேரியில பனிக்கு எங்க போவீங்க?"

"வண்டி ஒரிஜினலா இருக்கணும், கேட்டோ. பனி டூப்ளிகேட் ஆனாலும் சாரமில்ல, பரவால்ல."

இந்தப் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. பனியில்லாத ஊரில் பனி வண்டி வாங்குகிறவனுக்கு வேறு நோக்கம் இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் தங்கம் இருக்கலாம். அன்று முதல் என் மாடிச் சன்னலிலிருந்து பட்டறையைக் கவனித்து டைரியில் குறிக்கத் தொடங்கினேன். ஒரு நாள் குறிப்பு இது: "மாலை 4.10: ராவுத்தர் பொட்டலத்துடன் வருகிறார். 4.12: இருபுறமும் பார்க்கிறார். 4.13: பொட்டலத்தை முகர்கிறார். 4.15: பழம்பொரி தின்கிறார்."

தங்கம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் வேலை செய்யும் முறையை மனப்பாடமாகத் தெரிந்துகொண்டேன். வண்டியை அக்கக்காகப் பிரித்தார். பழைய பாகம் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரிஜினல் என்று மனம் ஒப்பினால் கூர் உளியை வைத்து அதன்மேல் மூன்று புள்ளி அடிப்பார். டக், டக், டக். மக்கிப்போன பாகங்களுக்கு மாற்று செய்தார். ரப்பர் பட்டையைத் தோப்பும்படியில் டயர் ரீட்ரேடு செய்கிறவர் வார்த்துக் கொடுத்தார். இருக்கையைச் சினிமாக் கொட்டகை நாற்காலிகளுக்குத் தைக்கிறவர் தைத்தார். அவற்றில் புள்ளி கிடையாது. பட்டறை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும்: "ஒரிஜினல் 63, டூப்ளிகேட் 17." முதல் எண் கூடும் நாளில் தெருவுக்கே சாயா.

சிக்கல் முன்பக்கத்தில் வந்தது. சக்கரத்துக்குப் பதிலாக அந்த வண்டிக்கு இரண்டு சறுக்குக் கட்டைகள் வேண்டும். பெட்டியில் இருந்தது ஒன்றுதான்.

"ஒத்தக் காலோட எவனாவது வண்டி செய்வானா?" என்று தெருவில் நின்று என் சன்னலைப் பார்த்துக் கத்தினார். "இன்னொரு கட்டை உங்க கிடங்குலதான் போச்சு. யாரோ எடுத்திருக்கான்."

"மேல வந்து பேசுங்க, ராவுத்தரே."

"அந்த மாடிப்படி எனக்குச் சந்தேகம். நான் ஏற மாட்டேன்."

கத்தியதோடு விடாமல் எங்கள் மேனேஜருக்கு மனுவும் எழுதிப் போட்டார். மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தி, "கிடங்கிலிருந்து ஒரு ஆணி வெளியே போயிருந்தாலும், கொண்டு போனவன் மறுநாள் படகேறி இங்கே வர வேண்டாம்" என்றார். பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான்கு பக்கம் எழுதினேன். அப்படி ஒரு கட்டை எங்கள் கிடங்கில் ஒருபோதும் இருந்ததில்லை என்று தேதிவாரியாக நிரூபித்தேன். என் வீட்டு மேஜையில், டைரிப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து எழுதினேன்.

ராவுத்தர் வேறு வழியின்றி, இருந்த ஒரு கட்டையை வைப்பின் தீவில் வஞ்சிப் படகு கட்டும் ஆசாரியிடம் கொடுத்து, அதேபோல ஆஞ்சிலி மரத்தில் இன்னொன்று செய்யச் சொன்னார். மார்ச் 10, சனிக்கிழமை மாலை ஆசாரி இரண்டையும் கொண்டுவந்து பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்தார். நான் சன்னலில் இருந்தேன். ஒரு முனை மேல்நோக்கி வளைந்த, அடியில் இரும்புப் பட்டை ஓடிய இரண்டு நீளக் கட்டைகள். திரும்பி என் சுவரைப் பார்த்தேன். அங்கே மூன்றாவது இருந்தது.

பழைய டைரியை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: "கிடங்கு வெள்ளையடிப்பு. உடைந்த பெட்டிச் சட்டங்கள் விறகுக்குப் போயின. அவற்றில் எதனுடையது என்று தெரியாத பலகை ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒரு முனை வளைந்திருப்பதால் டைரிகள் சரியாமல் நிற்கின்றன. பச்சைப் பெயின்ட் அடித்தேன்."

கீழே ராவுத்தர் கரும்பலகையில் 17ஐ அழித்து 18 என்று எழுதிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் சாவுக்குத் தந்தி எழுதுகிறவர்போல நிதானமாக எழுதினார்.

அதனால்தான் ஞாயிறு காலை போர்வையோடு கிளம்பினேன். பனி வண்டியின் முதல் ஓட்டம் ஒன்பது மணிக்கு. எட்டே காலுக்குப் போனால் தனியாகப் பேசிவிடலாம் என்று கணக்கு. ஆனால் தெருவே எனக்கு முன்னால் அங்கே இருந்தது. இறால் பதப்படுத்தும் இடத்திலிருந்து நொறுக்கிய ஐஸைக் கைவண்டிகளில் கொண்டுவந்து, பட்டறை முற்றம் முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்குக் கொட்டியிருந்தார்கள். அதில் இறால் வாசனை அடித்ததால் மட்டாஞ்சேரிப் பூனைகள் அனைத்தும் ஆஜர். ராவுத்தர் ஒரு துண்டு ஐஸை வாயில் போட்டுச் சந்தேகத்தோடு சுவைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில், குடையோடு, வேடிக்கை பார்க்க வந்திருந்த எங்கள் மேனேஜர்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

"என்ன சாரே, போர்வைக்குள்ள?" என்றார் ராவுத்தர்.

மேனேஜரும் பார்த்தார். நான் போர்வையைப் பிரித்தேன்.

ஆசாரிதான் முதலில் வாய் திறந்தார். "எண்டம்மே! இது அதே சாதனமல்லே, ராவுத்தரே? ஜோடியல்லே இது?"

"ஆசாரி, நீ வஞ்சிய மட்டும் பாரு" என்றார் ராவுத்தர்.

பலகையை என் கையிலிருந்து வாங்கினார். முகர்ந்தார். சுண்டினார். விரலால் வளைவைத் தடவினார். அவர் கை அதில் சற்று நேரம் நின்றது.

"எங்கேயிருந்து வந்தது இது?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், "இருங்க சார், சாதனம் என்னன்னே தெரியாம எங்கேயிருந்து வந்தா என்ன? தட்டிப் பாத்தாத்தான் மரம் தெரியும்" என்று ராவுத்தர் அதை உள்ளே கொண்டு போனார். தட்டும் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது கரும்பலகையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"டூப்ளிகேட்."

"நிச்சயமா?" என்றார் மேனேஜர்.

"நாப்பது வருஷமா பாக்கறேன். இது சும்மா அலமாரிப் பலகை. சார் உதவி செய்யணும்னு எங்கியோ பிராட்வே கடையில வாங்கிட்டு வந்திருக்காரு. ஏமாந்துட்டாரு, பாவம்." பலகையை என் கையில் திணித்தார். "கொண்டு போய் டைரி அடுக்குங்க, சாரே."

ஆசாரி குனிந்து, தான் செய்த கட்டையின் திருகை முடுக்கத் தொடங்கினார். மேனேஜர் சிரித்துவிட்டார். என் பட்டியலில் தவறு கண்டுபிடிக்க முடியாத மனிதருக்கு நான் ஏமாந்தது பிடித்திருந்தது.

பிறகு ராவுத்தர் ஏறி உட்கார்ந்தார். கயிற்றை ஒன்பது தடவை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் ஒரிஜினல் கட்டை, மறுபக்கம் ஆஞ்சிலிக் கட்டை. வண்டி ஐஸைச் சீவிக்கொண்டு நாற்பத்தோரு அடி ஓடி, பக்கத்துக் கடைக்காரர் அடுக்கியிருந்த சுக்கு மூட்டைகளில் மோதி நின்றது. தூரத்தை அளந்தவன் நான். ராவுத்தர் இறங்கியதும் முதலில் மூட்டையைத் தட்டி, "இது எந்த ஊர் சுக்கு?" என்றார்.

என் டைரிகளைப் பலகையில் அடுக்குகிறேன் என்று அவரிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை. என் சன்னலை அவரும் கவனித்திருக்கிறார் என்பது அன்று மாலை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

மறுநாள், திங்கட்கிழமை, ஐந்தே காலுக்கு எழுந்தேன். குளிப்பதற்கு முன்பே முதல் வேலையாகப் பலகையை மாட்ட எடுத்தேன். அடியில் இருந்த இரும்புப் பட்டையில், பச்சைப் பெயின்டைத் துளைத்துக்கொண்டு, மூன்று புள்ளிகள் புதிதாக மின்னின. ஆணிகளைப் பிடுங்கி இரண்டு அங்குலம் மேலே அடித்தேன். மேஜையில் உட்கார்ந்து எழுதும்போது அந்த மூன்றும் கண்ணில் பட வேண்டும்.