பெடலுக்குக் கட்டிய காப்பு

"டிப்ளோமா படிச்ச பொண்ணு கை பட்டா இதுக்குக் கோவம் வந்துரும்மா. அப்புறம் ஒரு வாரம் ஸ்டார்ட் ஆவாது லா."

எங்கள் தோட்டத்துச் சிவப்பு டிராக்டரின் அடியில் நான் முதன்முதலாகத் தலையை நுழைத்தபோது தோ மாமா சொன்னது இது. ஓர் இயந்திரத்தின் மனம் கோணாமல் நடந்துகொள்வதற்கென்றே பிறந்த மனிதர், மலாக்கா மாநிலம் முழுக்கத் தேடினாலும் இவர் ஒருவர்தான்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. கோயில் கமிட்டிக்கும் தெரியாது. யார் கூப்பிட்டாலும் "தோ, வந்துட்டேன்" என்பார். வந்து சேர்வதற்குள் கூப்பிட்டவர் குளித்து, சாப்பிட்டு, எதற்குக் கூப்பிட்டோம் என்பதையே மறந்திருப்பார்.

விடிகாலையில் செம்பனை மரங்களுக்கு நடுவே பனி இறங்கியிருக்கும். முதலில் டுக் டுக் என்று சத்தம் வரும். பிறகு புகை வரும். அப்புறம் நீண்ட நேரம் எதுவுமே வராது. நான் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்து, ஏறி, படித்து, பரீட்சை எழுதி, பொலிடெக்னிக் போய் டிப்ளோமாவும் வாங்கிவிட்டேன். அன்றைக்குக் கிளம்பிய டிராக்டர்தான் இன்னும் அந்தப் பனிக்குள்ளிருந்து வந்துகொண்டிருக்கிறதோ என்று சில காலைகளில் எனக்குத் தோன்றும்.

ஸ்டீரிங்கில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தால், அது பறக்கும்வரை வண்டியைத் திருப்ப மாட்டார். கைக்குழந்தை இருக்கும் வீடு வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுச் சரிவில் சத்தமில்லாமல் உருண்டு போவார். சரிவு இல்லாத இடத்தில் குழந்தை பிறந்துவிட்டால், அது நடக்கத் தொடங்கும்வரை அந்தப் பாதையே அவருக்கு இல்லை. வெட்டிய பழக்குலைகள் அங்கே கிடந்து அழுகுகின்றன என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்துவார். மாமா வானத்தைப் பார்ப்பார்.

ஒரு தடவை கிளேபாங்கிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களின் கார் சேற்றில் மாட்டிக்கொண்டது. மாமா அவர்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டார். வழியில் மேகம் பார்ப்பதற்காக இரண்டு இடங்களில் நிறுத்தினார். வீடு வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளைக்கும் அவன் அம்மாவுக்கும் சண்டை வந்து, சமாதானமும் ஆகி, பெண்ணைப் பார்க்காமலேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள். "காரா இருந்தா இது நடக்குமா?" என்று மாமா கேட்டார்.

இப்படிப்பட்டவரின் டிராக்டருக்குத்தான் போன வருடத் திருவிழாவில் ஆபத்து வந்தது. அம்மன் ரதத்தை ஆண்டுதோறும் இழுப்பது அதுதான். ஆற்றோரத் தாழ்வில் நல்ல மழை. பின் சக்கரங்களில் ஒன்று சேற்றில் கிறுகிறுவென்று சுற்றியது. மற்றது அசையவே இல்லை. அம்மன் நனைந்துகொண்டே நின்றாள். கடைசியில் டவுனிலிருந்து லாரி வந்து இழுத்துப் போனது.

"அடுத்த வருசமும் மாட்டுச்சுன்னா அவ்வளவுதான்," என்றார் கோயில் தலைவர். "லாரிய வச்சுக்குவோம். இத பழைய இரும்புக்குப் போட்டுருவோம்."

மறுநாள் மாமா டிராக்டரின் முகப்பு விளக்குகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சலில் கிடப்பவருக்கு முகம் துடைப்பதுபோல இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். என் டிப்ளோமா சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அம்மா அதற்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டுவார். இப்போது தெங்கேரா பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். மாமாவின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை கருவிப்பெட்டியோடு போய் நின்றேன்.

இருக்கைக்குக் கீழே, வலது குதிகாலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெடல் இருந்தது. அதில் சாப்பாட்டுத் தூக்கு தொங்கியது.

"மாமா, இது என்னன்னு தெரியுமா?"

"தெரியுமே. தூக்கு மாட்டுறதுக்கு."

அது டிஃப் லாக். ஒரு சக்கரம் சேற்றில் சுற்றும்போது, எஞ்சினின் பலமெல்லாம் அதற்கே போய்விடும். கெட்டித்தரையில் நிற்கும் மற்ற சக்கரம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். அந்தப் பெடலை மிதித்தால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு, ஒன்றாகவே சுற்றும். இத்தனை வருடமாக மாமாவின் குதிகாலுக்குப் பக்கத்திலேயே தீர்வு இருந்தது, உள்ளே சாம்பாரோடு.

பெடலின் தண்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடு காட்டி, சுத்தியலால் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் மாமா கண்ணை மூடினார்.

"வலிக்குமாம்மா?"

"இரும்பு மாமா அது."

"அதான் கேக்குறேன். அதுக்குச் சொல்லத் தெரியாதுல்ல."

தண்டு வெளியே வந்ததும் நோய் தெரிந்தது. பூட்டை விடுவிக்கும் ஸ்பிரிங் இரண்டாக உடைந்திருந்தது. பூட்டின் பற்களெல்லாம் நன்றாகவே இருந்தன. தண்டை உப்புத்தாளால் தேய்த்து, புது ஸ்பிரிங்கும் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமும் போட்டு மாட்டினேன். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு சக்கரத்தை முன்னால் சுற்றினேன்; மற்றது பின்னால் சுற்றியது. பெடலை அழுத்தினேன். இரண்டும் ஒரே பக்கமாகச் சுற்றின.

"அண்ணனும் தம்பியும் ராசியாயிட்டானுங்க!" என்று மாமா கைதட்டினார். அன்று முதல் நான் அவருக்கு 'பொலிடெக்னிக்கு' ஆனேன்.

"நேராப் போறப்ப மட்டும் மிதிக்கணும் மாமா. திரும்புறதுக்கு முன்னாடி கால எடுத்துடணும். வளைவுல ஒரு சக்கரம் அதிக தூரம் ஓடணும். பூட்டியிருந்தா ஓடாது, வண்டி நேரா போயிட்டே இருக்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது பொலிடெக்னிக்கு," என்றார், ஒரு கொக்கைப் பார்த்தபடி.

இந்த வருடமும் திருவிழாவுக்கு மழை தவறவில்லை. மாலை வெளிச்சம் மஞ்சளாக மங்கும் நேரத்தில், தாழ்வுக்கு முன்னால் ரதத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள். பிறகு டிராக்டர் சேற்றில் இறங்கியது. சக்கரம் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. வண்ண விளக்குகளோடு ரதம் தேங்கிய மழைத்தண்ணீரின் மேல் மிதந்து வருவதுபோல வந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே நிமிர்த்தியிருப்பேன்.

கோயிலுக்கு வலதுபக்கம் திரும்பவேண்டிய முச்சந்தி வந்தது. மாமா ஸ்டீரிங்கைத் திருப்பினார். முன்சக்கரங்களும் திரும்பின. டிராக்டர் நேராகப் போனது. ரதம் அதன் பின்னால் போனது. நாதஸ்வரம், மேளம், பால்குடங்கள் எல்லாம் ரதத்தின் பின்னால் போயின.

"அம்மா வேற வழி கேக்குறா!" என்று யாரோ கத்த, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மன் கேட்ட வழியில் பெரிய லோங்காங் ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அந்தச் சாக்கடைக்குச் சற்று முன்னால், முச்சந்தியின் விளிம்பிலேயே மாமா பிரேக்கை மிதித்தார்.

நான் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். அழுத்திய பெடல் அழுத்தியபடியே, மஞ்சள் கிழங்கு வைத்த கயிற்றால் கால்பலகையோடு சேர்த்து மூன்று சுற்றுக் கட்டப்பட்டிருந்தது.

"என்ன மாமா இது?"

"காப்பும்மா. தேங்கா உடைச்சப்ப பூசாரிகிட்ட சொல்லிக் கட்டினேன். போன வருசம் மாதிரி அது நம்மளக் கைவிடக் கூடாதுல்ல?"

நான் கயிற்றில் கை வைப்பதற்குள் தலைவர் மூச்சிரைக்க வந்துவிட்டார். "தொடாத! கட்டுன காப்ப திருவிழா முடியாம அறுக்கக்கூடாது! டேய், யாராச்சும் லாரிக்குப் போன் போடுங்கடா!"

லாரி என்ற சொல் காதில் விழுந்ததும் மாமாவின் முகம் சுருங்கிப்போனது. அவர் கை தானாகவே எஞ்சின் மூடியைத் தடவியது.

பட்டுப்பாவாடையைச் செருகிக்கொண்டு நான் சேற்றில் படுத்தேன். பெடலையும் தண்டையும் சேர்ப்பது ஓர் ஆணி மட்டும்தான். அதைத் தட்டி எடுத்தால் பெடல் காப்போடு அப்படியே இருக்கும்; தண்டு மட்டும் விடுபடும். தட்டினேன். ஆணி வந்தது. ஆனால் பூட்டு விடவில்லை. பாரத்தில் பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

"மாமா, கொஞ்சமா ரிவர்ஸ் எடுங்க."

அப்போதுதான் எனக்கு ஓர் உண்மை தெரிந்தது. மாமா வாழ்நாளில் ரிவர்ஸ் எடுத்ததே இல்லை. திரும்பவேண்டுமென்றால் ஒரு செம்பனை வரிசை முழுவதையும் சுற்றிக்கொண்டு வருவாராம்.

"அம்மனப் பின்னால தள்ளுறதா? ஆலமாக்! என்னால முடியாதும்மா."

"ஒரு சாண் போதும் மாமா. இல்லன்னா லாரி வந்துரும்."

அவர் இறங்கினார். அவருடைய வழக்கமான வேகத்தில் ரதத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். அம்மனிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். திரும்பி வந்து ஏறி, கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரே ஒரு சாண் பின்னால் எடுத்தார்.

டக்.

அவ்வளவு மேளத்துக்கு நடுவிலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிராக்டர் வலதுபக்கம் அழகாக வளைந்தது. கோயில்வரை மீதியெல்லாம் நேர்வழி. பாதி தூரத்தில் பார்க்கிறேன், பாரம் இறங்கிய நிம்மதியில் மாமா ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். பக்கத்தில் நடந்துகொண்டே ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து, அம்மனையும் அவரையும் நான்தான் கோயில் வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தேன்.

"மாட்டலன்னு சொல்ல முடியாதே," என்றார் தலைவர்.

மாமா கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "எங்க மாட்டுச்சு? அம்மா அந்தப் பக்கம் போயி நாளாச்சு தலைவரே. பாத்துட்டு வந்தா."

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி லா. டிராக்டர் இருக்கட்டும். ஆனா அடுத்த வருசம் அந்தப் பெடல் பக்கத்துல வெவரம் தெரிஞ்ச ஆளு ஒண்ணு உக்காரணும்."

"வெவரம் தெரிஞ்சது இவதான்," என்றார் மாமா.

"பொம்பளப் புள்ளயா? ரதத்துக்கு முன்னாலயா?"

"பின்னால உக்காந்திருக்கறது மட்டும் யாராம்?"

தலைவர் ரதத்திலிருந்த அம்மனைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போன சனிக்கிழமை வலது மட்கார்டின் மேல் இன்னோர் இருக்கையை நானே வெல்டிங் செய்து பொருத்திவிட்டேன். உயரத்தைப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன்: மாமா கண்ணயர்ந்தால், அவர் தலை சரியாக என் தோளில் வந்து சாயும்.