கால்சட்டைப் பைக்குள் போன பந்து

ஃபிளாக், மொரீஷியஸ்
சனிக்கிழமை

மதிப்பிற்குரிய கயேத்தான் மாமாவுக்கு,

என்னைத் திருடனாக வளர்த்தது நீங்கள்தான். வணக்கம். அறுவை சிகிச்சைத் தையல் ஆறிவருகிறதா? கஞ்சியாவது இறங்குகிறதா? இங்கே அம்மாவும் ஆடுகளும் நலம். நான் நலமில்லை. அக்கா சாப்பாட்டோடு இதைக் கொண்டுவருவாள், படித்ததும் கிழித்துவிடுங்கள்.

மூத்தோர் கோல்ஃப் போட்டியில் ஆட்டக்காரரின் மட்டைப் பை தூக்க என்னைச் சேர்த்துவிட்டீர்கள். எனக்குக் கிடைத்தவர் ஹாலோரன், அறுபது தாண்டியவர், இரண்டு முழங்காலிலும் இரும்பு. இது வருடத்தின் கடைசிப் போட்டி. நாளை ஆட்டம் முடியும்போது முதல் பத்துப் பேருக்குள் வந்தால்தான் அடுத்த வருடம் அவருக்கு ஆட இடம் உண்டு. வந்தால் என்னையும் ஊர் ஊராகக் கூட்டிப்போவாராம். வராவிட்டால் அவர் வீட்டுக்கு, நான் கரும்பு வெட்ட.

இன்று கடற்காற்றில் அவர் அடித்த பந்து கரும்பு வேலியோரப் புல்லில் விழுந்தது, கூட ஆடும் டால்பெர்க் அடித்த பந்தும் அங்கேதான், அவர்தான் போட்டியில் முதலிடம், நான் முந்திக்கொண்டு ஓடினேன், அதே வேலியில்தானே சின்ன வயதில் என்னைக் குனியவைத்து, தொலைந்த பந்தைப் பொறுக்கு, காவலாளி வருவதற்குள் பைக்குள் போடு, யோசிக்காதே என்று பழக்கினீர்கள், நம் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாத மாதத்திலும் பச்சையாக நிற்கும் அந்தப் புல்லில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது, கை எடுத்தது, கால்சட்டைப் பைக்குள் போட்டது, நான் இல்ல மாமா, கை!

ஹாலோரன் நொண்டிக்கொண்டு வந்து, "பாத்தியா தம்பி?" என்றார்.

"இல்லீங்க." வாய் தானாச் சொல்லிடுச்சு.

டால்பெர்க், "என்னோடது இதோ கெடக்கு!" என்று கத்திவிட்டு அழகாக அடித்துப் போனார். பந்தைத் தேடத் தரும் மூன்று நிமிடம் எங்களுக்கு முடிந்தது. ஓர் அடி தண்டனையோடு மறுபடி அடித்து, இப்போது பதினோராம் இடம். டால்பெர்க்கின் பை தூக்கும் ரிக்கார்தோ எல்லார் முன்னாலும், "ஏண்டா பந்து பொறுக்கி, ஊர்ப் பந்தெல்லாம் மோப்பம் புடிப்ப, ஒங்க ஆளு பந்து மட்டும் தெரியலயாக்கும்?" என்றான். அதுகூடப் பரவாயில்லை. ஹாலோரன் என் தோளைத் தட்டி, "விடு தம்பி, ஒன்மேல தப்பில்ல" என்றார். அப்புறம் எனக்குச் சோறே எறங்கல மாமா. உண்மையைச் சொன்னா என் வேலை போகும், எனக்காகப் பேசின ஒங்க மானமும் போகும். சொல்லலன்னா அந்த மனுஷனோட ஆட்டமே போயிடும்.

அத்தைக்கு என் அன்பு. மாதா உங்கள் தையலைப் பிரியாமல் காக்கட்டும்.

அன்பு மருமகன்,
தெசிரே

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் தப்பு. இப்போதுதான் பந்தை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஹாலோரன் தன் பந்தில் நீலக் கோடு போடுவார். இதில் மூன்று சிவப்புப் புள்ளிகள், டால்பெர்க்கின் அடையாளம். அப்படியானால் "இதோ கெடக்கு" என்று அவர் அடித்தது எந்தப் பந்தை? ஹாலோரனுடையதையா, தன் பையிலிருந்து நழுவவிட்ட வேறொன்றையா? நான் இதை நடுவரிடம் நீட்டினால் டால்பெர்க்கிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். "ஒன் பைக்குள்ள எப்படிடா வந்துச்சு?" என்று என்னைத்தான் கேட்பார்கள். இருந்தாலும் நீட்டத்தான் போகிறேன். தையல் பிரிந்தாலும் பரவாயில்லை, நாளைக் காலையில் எழுந்து வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். அக்காவிடம் பதில் சொல்லி அனுப்புங்கள். வருவீர்களா, மாட்டீர்களா?