மேயர் பிடித்த கயிறு

வீட்டில் சொல்லத் தைரியம் வராத ஒன்றை ஊருக்கே சட்டமாகப் போட்டுவிடுவது என்று நான் தீர்மானித்தபோது, மேயராகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. என் மனைவி பிலீனா இப்போது இல்லை. அதனால் இதைத் துணிந்து எழுதுகிறேன். ஆனாலும் கதவைச் சாத்திவிட்டுத்தான் எழுதுகிறேன்.

விஷயம் ஒரு பசுமாடு. பெயர் ஜூனோ. கல்யாணத்தின்போது பிலீனாவின் அப்பா கொடுத்த சீர். எங்கள் ஊரான ஹார்ட்வெல் லேண்டிங்கில் அப்போதெல்லாம் மாட்டைக் கட்டிப்போடும் வழக்கம் கிடையாது. காலையில் கதவைத் திறந்துவிட்டால் அது பாட்டுக்கு ஊரைச் சுற்றும். நீதிமன்றப் புல்வெளியில் மேயும். தேவாலயப் படியில் படுத்து அசைபோடும். படகுத்துறையில் யாருடைய சோளமூட்டையையாவது கிழிக்கும். சாயங்காலம் அவரவர் தேடிப் பிடித்து ஓட்டிவர வேண்டும். எங்கள் வீட்டில் வேலையைச் சமமாகப் பிரித்திருந்தோம். கறப்பது பிலீனா. தேடுவது நான்.

வெறும் மரக்கடைக்காரனாக இருந்தவரை இது ஒரு குறையாகத் தெரியவில்லை. பட்டுத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக ஒரு மேயர் தெருத்தெருவாக "கோ பாஸ், கோ பாஸ்" என்று மாட்டைக் கூப்பிட்டுக்கொண்டு போனால் எந்த ஊர் மதிக்கும்? மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்று தொப்பியைத் தூக்குவார்கள். மாட்டுக்கு.

ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "மாட்ட வித்துட்டா என்ன? பால்காரர் வாசல்லயே வந்து ஊத்திட்டுப் போறாரு."

"யார்கிட்ட பேசறீங்க?" என்றாள் பிலீனா.

"சும்மா."

"சும்மாதானே. ஜூனோவ இன்னும் காணோம். இருட்டறதுக்குள்ள போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். அன்றைக்குத்தான் தீர்மானம் பிறந்தது.

சட்டத்தை நானே எழுதினேன். நகர எல்லைக்குள் எந்த மாடும் அவிழ்ந்து திரியக் கூடாது. தெருவில் நடத்திப்போவதென்றால் மாட்டின் சொந்தக்காரரே கயிற்றைப் பிடித்துப் போக வேண்டும். வேறு ஆளை அனுப்பக் கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் என் மூளை முழுவதும் இருந்தது. ஜூனோ பிலீனாவின் மாடு. அதை அவளே நாள் தவறாமல் சொல்லிக்காட்டுவாள். கையுறை போட்ட கையில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாக ஊருக்கு வெளியே மேய்ச்சலுக்குப் போவாளா மேயர் மனைவி? மாட்டாள். ஒரே வாரத்தில் விற்றுவிடுவாள். என் சாயங்காலங்கள் எனக்கே திரும்பிவிடும்.

நகரசபையில் மருந்துக்கடை லைமன் ஹேஸ்கெல்தான் குடைந்தார். அவரும் உறுப்பினர். அவர் வீட்டிலும் மாடு உண்டு.

"வேலைக்காரனை அனுப்பினா என்னங்க தப்பு, எஸ்ரா?"

"பொறுப்பு வரணும், லைமன். ஜனங்களுக்குப் பொறுப்பே இல்ல."

"வீட்ல ஏதாவது சண்டையா?"

"இது நகர நலன்."

"அப்ப சண்டைதான்."

ஓட்டெடுத்தால் மூன்றுக்கு மூன்று. சமமாக நின்றால் மேயர் ஓட்டுப் போட வேண்டும். போட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் கை தூக்கியதில்லை.

வீட்டுக்கு வந்தபோது பிலீனா ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"நல்ல சட்டங்க," என்றாள்.

"நல்லதா?"

"தெரு பூரா சாணி. பாவாடையத் தூக்கிப் பிடிச்சே கை வலிக்குது. சொந்தக்காரங்கதான் கயித்தப் பிடிக்கணும்னு இருக்காமே, அது யார் யோசனை?"

"என்னோடதுதான்."

"ஆழமா யோசிச்சிருக்கீங்க."

புருஷனைப் புகழ்ந்துவிட்டு ஒரு மனைவி தோல் சீவுவதைத் தொடர்ந்தால் எந்த மனிதனும் கொஞ்சம் கலவரப்பட வேண்டும். நான் இரண்டு துண்டு ஆப்பிள் எடுத்துத் தின்றேன்.

சட்டம் அமலுக்கு வந்த காலையில் பிலீனா வழக்கம்போல வாசல் கதவைத் திறந்து ஜூனோவை விட்டாள். ஊர்க்காவலர் ஹிராம் அதை நீதிமன்றப் புல்வெளியிலேயே பிடித்துக் கட்டினார். சின்ன வழக்குகளை அந்த நாளில் மேயர்தான் விசாரிப்பார். தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகைக்கு மேலே ஒரு அறை. அதில் அன்று நிற்க இடமில்லை. மேயர் தன் மனைவியை விசாரிப்பதைப் பார்க்காமல் யார் வீட்டில் இருப்பார்கள்?

"மாடு ஜூனோ, ஐயா," என்றார் ஹிராம். "அவுந்து மேஞ்சுக்கிட்டிருந்தது."

"சொந்தக்காரர் முன்னால வரலாம்," என்றேன். குரலில் கருணை இருந்தது. அபராதத்தைக் குறைவாகப் போடுவதாகவே இருந்தேன்.

பிலீனா முதல் பெஞ்சில் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பிலீனா, உன்னத்தான்."

"என்னையா? சொந்தக்காரரைத்தானே கூப்பிட்டீங்க."

"ஜூனோ உன் மாடுதானே?"

"வீட்ல அப்படிச் சொல்லிக்குவேன். அது வாய்ப்பேச்சு. இங்க சட்டப்படி பேசணும். நம்ம மாநிலத்துல கல்யாணமான பொம்பளைக்கு மாடு ஏது, மண்ணு ஏது? மோதிரம் மாத்தின அன்னைக்கே எல்லாம் புருஷனுக்குப் போயாச்சு. அதுதான் நியாயம்னு தேர்தல்ல நீங்களே மேடையேறிப் பேசினீங்க. நான் கைகூடத் தட்டினேன்."

ஓரத்தில் நின்ற நகர வக்கீலைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். அந்தச் சொத்துச் சட்டத்தைச் சில வருஷம் கழித்து மாற்றினார்கள். மாற்றியபோது மாநிலத்திலேயே அதிகம் மகிழ்ந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

வேறு வழியில்லை. நீதிபதி எஸ்ரா டில்லட்சன், குற்றம் சாட்டப்பட்ட எஸ்ரா டில்லட்சனை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்க உட்கார்ந்தேன். ஒப்புக்கொள்ள மறுபடி எழுந்தேன்.

"ஒரு எடத்துல இருங்க ஐயா," என்றார் ஹிராம். "யாரைப் பிடிக்கறதுன்னே தெரியல."

அப்போதுதான் எனக்கு ஒரு வெளிச்சம் வந்தது.

"மாடு என்னுதுன்னா, அத நானே விக்கலாமே," என்றேன்.

"தாராளமா," என்றாள் பிலீனா. பின்னலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "அடுப்பும் உங்களுதுதான். ரெண்டையும் சேத்தே வித்துடுங்க. அப்புறம் அந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை?"

பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் அடுப்பை நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நான் எனக்கு அபராதம் போட்டு, நானே கட்டி, ரசீதும் எழுதிக்கொடுத்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வழக்குக் கேட்க வந்திருந்த பெண்கள் எல்லோரும் தங்களுக்கு மாடு இல்லை என்ற சந்தோஷச் செய்தியோடு வீடு திரும்பினார்கள். அடுத்த நாள் காலையில் கடைத்தெருவைப் பார்த்தால், ஜூனோவோடு போகும் எனக்குப் பின்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு லைமன் வருகிறார். அவருக்குப் பின்னால் வக்கீல். வக்கீலுக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போதகர். சாயங்காலம் அதே ஊர்வலம் திரும்பி வரும். முன்பாவது நான் காற்று வாங்க வந்தவன்போல நடிக்கலாம். கையில் கயிறு இருந்தால் எப்படி நடிப்பது?

"எஸ்ரா," என்றார் லைமன், பின்னாலிருந்து. "நகர நலன் எப்படி இருக்கு?"

"மாட்டப் பாத்து நடங்க."

"பொறுப்பு வந்துடுச்சுங்க எனக்கு. முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு."

அடுத்த கூட்டத்தில் சட்டத்தை ரத்து செய்யலாமே என்று ஆரம்பித்தேன். வழிமொழிய ஆளில்லை. ஆறு உறுப்பினர்களுக்கும் சாப்பாடு வீட்டில்தான்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். ஜூனோவை நடத்திக்கொண்டு வந்து வாசலில் நின்றேன். பிலீனா பால் வாளியோடு காத்திருந்தாள்.

"இப்பல்லாம் பொழுதோட வந்துடறீங்க," என்றாள்.

"தேடற வேலை இல்லையே."

"நடையும் நல்லா வந்துடுச்சு. முன்னெல்லாம் மாடு உங்கள இழுத்துக்கிட்டு வரும். எங்கப்பா இன்னொரு மாடு தர்றேன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. சரின்னுட்டேன்."

"ரெண்டு மாடா? பிலீனா, ஒரு ஆள் எப்படி ரெண்ட நடத்திக்கிட்டு வர்றது?"

அவள் என்னை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் இன்னொரு கை சும்மா இருக்கே," என்றாள்.